மாட்டுக்குத்தானே!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வார்த்தை காதில் விழும். மழையில் நனைந்து கறுத்த சோளத்தட்டையை என்ன செய்ய? "மாட்டுக்குத்தானே, போடு." மூட்டைக்குள் புழுங்கிக் கட்டிபிடித்த மக்காச்சோளம்? "மாட்டுக்குத்தானே, அரைச்சு வை." பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கு? "மாட்டுக்குத்தானே, ஊறப்போட்டாச் சரியாப் போகும்." நாம் தின்ன மாட்டோம், வியாபாரி விலைக்கு எடுக்க மாட்டார், கோழிப்பண்ணைக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட சரக்கெல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் மாட்டின் வாய்.

இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. கால்நடைத் துறையில் சாதாரண ஊழியனாக முப்பது வருஷத்துக்கு மேல் தொழு தொழுவாக ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தீவனத்தில் பிடிக்கும் பூஞ்சையை மாட்டோடு முடிந்துபோகும் சங்கதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மாட்டோடு முடிவதில்லை. பாலில் ஏறி நம் வீட்டு டம்ளருக்கு வந்து சேர்கிறது.

பெரியவர் எதையோ மிகைப்படுத்துகிறார் என்று தோன்றினால் ஒரு கணக்கைப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்கப் பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. மொத்தம் 6,432 மாதிரிகள். அவற்றில் உடம்புக்குக் கேடு செய்யும் கலப்படம் இருந்தவை வெறும் 12. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட தமிழ்நாட்டில் எடுத்ததில்லை. ஆனால் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் எம்1 வரம்புக்கு மேல் இருந்தவை 368. அதில் எந்த மாநிலம் முதலிடம் தெரியுமா? நம் தமிழ்நாடுதான். இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88 தேறவில்லை. ஆறு டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கறந்த பாலைவிடப் பாக்கெட் பாலில்தான் இந்தக் குறை அதிகம் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

அந்தச் செய்தி வந்தபோது நாம் என்ன பேசினோம்? பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், யூரியா கலக்கிறார், மாவு கலக்கிறார் என்று டீக்கடையில் வழக்கமான கச்சேரி நடந்தது. தொலைக்காட்சியிலும் அதே கச்சேரிதான். தீவனம் என்ற சொல்லே பேச்சில் அடிபடவில்லை. இந்த நஞ்சைப் பாலில் யாரும் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. மாடு தின்றதுதான் பாலில் வந்தது. திருடனைத் தெருவில் தேடிக்கொண்டிருந்தோம், அவன் நம் படப்புக்குள் உட்கார்ந்திருந்தான்.

விஷயம் இதுதான். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று ஒரு பூஞ்சை. மண்ணில், காற்றில், பழைய தூசியில் எங்கும் இருக்கும். ஈரம் தங்கிய கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு இவற்றில் மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாகப் பூக்கும். அது கக்கும் நஞ்சுகளில் கொடியது அஃப்ளாடாக்சின் பி1. ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக அளவில் உறுதிசெய்யப்பட்ட நஞ்சு. மாடு அதைத் தின்றால் அதன் ஈரல் அதை எம்1 என்ற வேறு வடிவமாக மாற்றுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு பங்கு வரை மடிக்கு வந்துவிடும். ஒரு நாளைக்குள் பாலில் தெரியும். பாலைக் காய்ச்சினால் போகாது. தயிரிலும் தங்கும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. அதாவது ஒரே ஒரு கிராம் நஞ்சு, 20 லட்சம் லிட்டர் பாலை வரம்பின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இது புதிதாகக் கிளம்பிய பீதியும் இல்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தோண்டித் துருவிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையே உலகம் கண்டுபிடித்தது அப்படித்தான், தீவனத்திலிருந்துதான். 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற கிராமத்து ஜனங்கள் மஞ்சள் காமாலை கண்டு நூற்றுக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வீட்டு நாய்களும் அதே நோயில் செத்தன. ஏழை வீட்டில் மனிதனும் நாயும் ஒரே தானியத்தைத் தின்றதால் வந்த வினை.

"அதெல்லாம் ஈரமான ஊர்க் கதை. நம்முடையது வானம் பார்த்த பூமி, கரிசக்காடு. இங்கே பூஞ்சை எங்கே வாழும்?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு மூன்று பதில்.

முதல் பதில்: வறட்சியே பூஞ்சைக்குத் தோழன். மழை பொய்த்து, காய் முற்றும் நேரத்தில் கடலைச்செடி வாடினால், மண்ணுக்குள் இருக்கும்போதே காயில் இந்தப் பூஞ்சை ஏறிவிடும். களத்துக்கு வருவதற்கு முன்பே நஞ்சு உள்ளே இருக்கும். சோளத்திலும் அப்படி ஒன்று உண்டு. கதிர் பால்பிடிக்கும் சமயம் ஈரம் வற்றினால் தண்டின் அடி கறுத்து நைந்து பயிர் அப்படியே சாயும். தண்டைப் பிளந்தால் உள்ளே நாரும் கரித்தூள் தூவியதுபோலப் புள்ளிகளும்தான் மிஞ்சும். காற்றடித்துச் சாய்ந்தது என்று நாம் சொல்லிவிட்டுப் போவோம். அது கரிசல் மண்ணில் காலங்காலமாகக் குடியிருக்கும் தண்டழுகல் பூஞ்சையின் வேலை. தட்டையில் சத்து இருக்காது, மாடு மென்றுவிட்டுத் துப்பும்.

இரண்டாவது பதில்: நமக்கு மழை குறைவுதான், ஆனால் வேண்டாத நேரத்தில் வரும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தது தையில் களத்துக்கு வருகிறது. 2021 பொங்கலை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் கதிரும் தட்டையும் நின்ற நிலையில் ஊறின. அந்த மாதிரி வருஷத்தில் கதிர் கறுக்கும், மணியில் வெள்ளையும் ரோஸும் கறுப்புமாகப் பூசணம் படரும், அறுத்துப் போட்ட தட்டை அடியில் வெந்துபோகும். அந்தத் தட்டையும் படப்பில்தான் ஏறும். வேறு தட்டைக்கு எங்கே போக?

மூன்றாவது பதில்: இப்போது நம் மாடுகள் நம் காட்டுத் தீவனத்தை மட்டும் தின்பதில்லை. நெல் விளையும் ஊர்களிலிருந்து லாரியில் வைக்கோல் வருகிறது. அறுவடை இயந்திரம் அறுத்த வைக்கோலை இன்னொரு இயந்திரம் சுருட்டி இறுக்கிக் கட்டாக்குகிறது. ஈரத்தோடு கட்டினால் வெளியே தங்கமாக இருக்கும், உள்ளே பிரித்தால் சாம்பல் பறக்கும், முகத்தில் அடிக்கும் ஒரு மக்கிய நெடி வரும். 1930-களில் இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் தேக் நாலா என்ற ஓடைக்கரைப் பக்கத்து எருமைகளுக்கு வால் நுனி, காது, குளம்பு எல்லாம் அழுகி உதிர்ந்தன. அந்த ஓடையின் பெயராலேயே டெக்னாலா நோய் என்று இன்றும் கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்றதோடுதான் அதைச் சம்பந்தப்படுத்தினார்கள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயிரில் தெரியும் எல்லாப் பூஞ்சை நோயும் மாட்டைக் கொல்லும் நஞ்சில்லை. சோள இலையில் துரு விழுந்தால் இலை காய்ந்து சத்து குறையும், அவ்வளவுதான். கரிப்பூட்டை வந்தால் மணிக்குப் பதில் கரிப்பொடி இருக்கும், தானியம் நட்டம். அடிச்சாம்பல் நோய் வந்தால் இலை வெளுத்து, கம்பங்கதிர் தானியம் பிடிக்காமல் பச்சை இலைக்கொத்தாக மாறும். தேன் ஒழுகல் நோய் வேறு ரகம். கதிரிலிருந்து தேன்போல் பிசின் வடியும், கம்பில் அது காய்ந்தபின் மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பான கட்டிகள் முளைக்கும். அந்தக் கட்டி தானியத்தோடு கலந்தால் மனிதனுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். அந்தக் கதிரை மாட்டுக்கும் போடக் கூடாது. எது வெறும் நட்டம், எது நஞ்சு என்று பிரித்துச் சொல்ல ஊருக்கு ஒருவராவது வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

நம் ஜனங்களுக்குத் தீவன நஞ்சு என்றால் தெரியாதா? நன்றாகத் தெரியும். வாடிய இளஞ்சோளப் பயிரில் மாடு வாய்வைத்தால் வயிறு உப்பி, மூச்சு முட்டி, அந்த இடத்திலேயே விழும் என்று சின்னப் பையனும் சொல்வான். அந்தப் பயத்தில் சோளக்காட்டுப் பக்கம் மாடு போனால் ஊரே கத்தும். அந்த நஞ்சு அரை மணி நேரத்தில் கொல்கிறது, அதனால் பயப்படுகிறோம். பூஞ்சை நஞ்சு அரை வருஷம் எடுத்துக்கொள்கிறது. பால் மெல்லக் குறையும். சினை நிற்காது. கன்று தேறாது. தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் நோய் வரும். "கண் பட்டுவிட்டது" என்று மிளகாய் சுற்றிப்போடுவோம், "மாட்டு ராசி சரியில்லை" என்று சந்தையில் தள்ளிவிடுவோம். தொட்டியில் என்ன போட்டோம் என்று மட்டும் யோசிக்க மாட்டோம்.

என் வயதுக்காரர்கள் இன்னொரு பாட்டுப் பாடுவார்கள். "அந்தக் காலத்தில் இதெல்லாம் கிடையாது. ஒட்டு விதையும் உரமும் வந்தபின்தான் வந்தது." ஐயா, மன்னிக்கவும். சென்னை மாகாணத்தின் பூஞ்சையியல் அதிகாரியாக இருந்த மெக்ரே என்ற வெள்ளைக்காரர் நம் சோளத்தில் தேன் ஒழுகல் நோய்க்குக் காரணமான பூஞ்சைக்கு 1917-லேயே பெயர் வைத்துவிட்டார். கரிப்பூட்டைக்கு விதையில் கந்தகத் தூள் கலக்கும் வழக்கமும் பழையதுதான். நோய் அன்றும் இருந்தது.

அன்றைக்கு இருந்து இன்று போனது வேறு ஒன்று: அக்கறை. படப்பு போடுவது அப்போது ஒரு வித்தை. தரையில் கல்லும் கட்டையும் பரப்பி, அதன்மேல் முள்ளும் பனையோலையும் போட்டு, தட்டையை நன்றாகச் சருகாகக் காயவிட்டு, தண்ணீர் வழிந்தோடும்படி உச்சி கூம்பி மேய்வார்கள். நல்ல படப்பு போடத் தெரிந்தவருக்கு ஊரில் மரியாதை இருந்தது. நனைந்த மேல் தட்டையைத் தனியே ஒதுக்கி அடுப்புக்கும் குப்பைக்கும் அனுப்பினார்கள். காளை இல்லாவிட்டால் உழவு இல்லை என்பதால் மாட்டின் வயிறு பெரிய விஷயமாக இருந்தது. டிராக்டர் வந்த பிறகு தட்டையை வீட்டுச் சுவரோரம் வெறுந்தரையில் சாத்திவைக்கிறோம். அடியில் ஓதம், மேலே மழை. இதற்கு ஒட்டு விதை என்ன செய்யும்?

இப்போது கோபப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நம் மக்காச்சோளம் நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழித் தீவன ஆலைகளுக்குப் போகிறது. அங்கே ஈரம் பார்க்கிறார்கள், பூஞ்சை நஞ்சும் பார்க்கிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது. நாற்பது நாளில் அறுக்கப்போகும் கோழிக்கு அவ்வளவு கவனம். அங்கே கழித்த மூட்டை எங்கே போகிறது என்று யாராவது கேட்டதுண்டா? குப்பைக்குப் போகிறது என்று நம்ப நான் தயாரில்லை. மலிவு விலைத் தீவனமாக ஏதோ ஒரு மாட்டுத் தொட்டிக்குத்தான் அது திரும்பும்.

கடலையிலும் இதே கூத்து. சுருங்கியது, கறுத்தது, பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு நல்ல பருப்பை மட்டும் நாம் தின்கிறோம். நல்ல பழக்கம்தான், நஞ்சில் பெரும்பகுதி அந்தக் கழிவோடு போய்விடும். ஆனால் அந்தக் கழிவு செக்குக்குப் போகிறது. எண்ணெய் பிரிந்தபின் நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்குகிறது. புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் பால் பேரப்பிள்ளைக்கு. நாம் கையால் பொறுக்கி எறிந்தது சுற்றி வளைத்து நம் வீட்டுக்கே வருகிறது. கலப்புத் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்ளாடாக்சின் பி1 இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரம்பு வைத்திருக்கிறது. தெருவில் சாக்கில் குவித்து விற்கும் புண்ணாக்கிடம் யார் போய் அந்தக் கணக்கைக் கேட்பது?

பால் சங்கத்தில் என்ன பார்க்கிறார்கள்? கொழுப்பு, கொழுப்பில்லாத திடப்பொருள். அதற்குத்தான் காசு. நல்ல தட்டையைக் காயவைத்துப் போட்டவருக்கும் பூத்த புண்ணாக்கைக் கரைத்துவைத்தவருக்கும் ஒரே விலை. பிறகு யார் சிரமப்பட்டு நல்லதைப் போடுவார்கள்? பயிரில் வரும் நோய் வேளாண்மைத் துறைக்கு, மாட்டில் வரும் நோய் கால்நடைத் துறைக்கு, பாலில் வருவது உணவுப் பாதுகாப்புத் துறைக்கு. நடுவில் கிடக்கும் தட்டைக்கும் புண்ணாக்குக்கும் நாதி இல்லை. உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இது யாரோ ஒருவரின் சோம்பல் இல்லை. காகிதத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

"ரெண்டு மாட்டை வைத்துப் பிழைக்கும் பொம்பளையிடம் தட்டையைத் தூர எறி என்று சொல்ல உனக்கென்ன, பென்ஷன் வருகிறது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மழை பெய்து முடித்த தையில் இருக்கிற தட்டையும் நனைந்துபோனால் அவள் என்னதான் செய்வாள்? அவளிடம் எனக்கு வழக்கே இல்லை. நூறு ரூபாய் மிச்சம் என்று வாங்கும் புண்ணாக்கு ஒரு ஈத்தைத் தின்றுவிடும் என்று அவளிடம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லையே, அவர்களிடம்தான் வழக்கு. பூத்த சரக்கு என்று தெரிந்தே விலை குறைத்து அவள் தலையில் கட்டுகிறாரே வியாபாரி, அவரிடமும்தான்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஊருக்கு ஒரு சிமெண்டுக் களமும், பால் சங்கத்தில் வாடகைக்குத் தார்ப்பாயும் கிடைக்க வேண்டும். தார்ச்சாலையில் மக்காச்சோளம் காயவைப்பதைக் குற்றம் சொல்லும் அதிகாரிகள் மாற்று இடத்தைக் காட்டட்டும். பால் குளிர்விப்பு நிலையத்தில் வாரம் ஒருமுறையாவது எம்1 சோதனை நடக்கட்டும். அதற்குச் சின்னப் பட்டைச் சோதனைகள் வந்துவிட்டன. நஞ்சு தெரிந்தால் பாலைக் கொட்டிவிட்டு அபராதம் போடுவதோடு நிறுத்தாமல், எந்த ஊரின் எந்தத் தீவனம் என்று தேடிப்போக வேண்டும். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் நாலைந்து நாளில் பால் சுத்தமாகிவிடும். இவ்வளவு சீக்கிரம் தீரும் கேட்டை இத்தனை வருஷம் வளர்த்துவைத்திருக்கிறோம் என்பதுதான் வெட்கம். இந்தப் பக்கம் கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், அந்தப் பக்கம் 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி நிலையம். நம் சோளத்தையும் கம்பையும் நன்கு அறிந்தவர்கள். தானியம் காப்பது பற்றிப் பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் தட்டை காப்பது பற்றியும் கால் மணி நேரம் பேசச் சொல்லி நாம் மனுக் கொடுக்கலாம்.

வீட்டளவில் செய்யக்கூடியது சொற்பம்தான், ஆனாலும் செய்யலாம். விதைக்கும் முன் கம்பு விதையை உப்புத் தண்ணீரில், 10 லிட்டருக்கு 1 கிலோ உப்பு என்ற கணக்கில் போட்டு, மிதக்கும் கறுப்பை அள்ளி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். தீவனச் சோளத்தில் இலைநோய் ஏறுவது தெரிந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள், மருந்தும் பாலில்தான் வரும். பூக்கும் பருவத்திலேயே அறுத்துவிடுங்கள். தட்டையைத் தரையில் படாமல் கட்டையின்மேல் அடுக்குங்கள். வைக்கோல் கட்டு வாங்கினால் ஒன்றையாவது பிரித்து மோந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். புண்ணாக்கை உடைத்துப் பாருங்கள், உள்ளே பச்சையோ கறுப்போ தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பூத்ததை வெயிலில் போட்டுத் தட்டினால் பூசணம்தான் உதிரும், நஞ்சு உள்ளேயே இருக்கும். அதைக் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளுங்கள். கோழிக்கும் ஆட்டுக்கும் கொடுத்துக் கணக்கை நேர்செய்ய வேண்டாம்.

நம் தலைமுறையில் பலர் வீட்டில் இப்போது மாடு இல்லை. பிள்ளைகள் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், பால் பாக்கெட்டில் வருகிறது. அதனால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பது எங்கோ ஒரு கிராமத்துத் தொட்டியில் கரைத்ததுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது யாராவது கறுத்த தட்டையைக் காட்டி "மாட்டுக்குத்தானே" என்று சொன்னால், சண்டை போடாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பால் யாருக்குப்பா?"